அம்பின் வால் எங்கே தொடங்குகிறது? வினைவழிமுறைப் படங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கரிம வேதியியலின் வினைவழிமுறைகளை, அதாவது ஒரு வினையில் எலக்ட்ரான்கள் படிப்படியாக நகர்ந்து பிணைப்புகள் முறிந்து உருவாகும் விதத்தை, வகுப்பில் படமாக வரைந்து காட்டுவது பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். படத்தைப் பார்க்கும் மாணவர், ஓர் எலக்ட்ரான் இரட்டையை விரலால் தொட்டு, அது புறப்படும் இடத்திலிருந்து சேரும் இடம்வரை தடுமாறாமல் விரலை நகர்த்திச் செல்ல முடிந்தால், அதுவே தெளிவான படம் என்று அதில் சொல்லியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: மாணவர்கள் விளைபொருளை முதலில் எழுதிவிட்டு, அதன்பின் அம்புகளை ஓர் அலங்காரம் போலச் சேர்க்கிறார்கள். வழிமுறை முழுவதும் மனப்பாடம்தான். குறை அவர்களிடமா, நான் வரையும் படத்திலா? — கல்லூரி ஆசிரியை ஒருவர்

பதில்: இரண்டிலும் இருக்கலாம், ஆனால் இன்றைக்கே திருத்தக்கூடியது படம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டு அணுக்கள் ஓர் எலக்ட்ரான் இரட்டையைப் பகிர்ந்துகொள்வதே பிணைப்பு என்று 1916-ஆம் ஆண்டில் கில்பர்ட் லூயிஸ் விளக்கினார். அந்த இரட்டை இடம்பெயர்வதை வளைந்த அம்பால் குறிக்கும் வழக்கம், 1922-இல் கெர்மாக்கும் ராபர்ட் ராபின்சனும் வெளியிட்ட கட்டுரையிலிருந்து தொடங்குகிறது. ஆகவே அந்த அம்பு பிறந்ததே எலக்ட்ரான்களுக்காகத்தான். அதன் வால் இருக்குமிடத்தில் எலக்ட்ரான்கள் இப்போது இருக்கின்றன. தலை இருக்குமிடத்துக்கு அவை போய்ச் சேரப்போகின்றன. மாணவர்களோ அதை அணுவின் பயணமாகப் படிக்கிறார்கள். புரோட்டானிலிருந்து (எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜனிலிருந்து) ஆக்ஸிஜனுக்கு அம்பு போடும் தவறு ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான்: புரோட்டான் கிளம்பிப் போய் ஆக்ஸிஜனிடம் ஒட்டிக்கொள்கிறது என்ற காட்சியே அவர்கள் மனத்தில் ஓடுகிறது. புரோட்டானிடம் கொடுப்பதற்கு எலக்ட்ரானே கிடையாது என்று வாயால் எத்தனை முறை சொன்னாலும், ஆக்ஸிஜனின் தனித்த இரட்டையை (பிணைப்பில் ஈடுபடாத எலக்ட்ரான் இரட்டையை) படத்தில் வரையாமல் விட்டால், அம்பு எங்கிருந்து கிளம்ப வேண்டும் என்பதை அவர்கள் கண்ணால் காண வழியில்லை.

ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்ப்போம். புரோமோமீத்தேனுடன் ஹைட்ராக்சைடு அயனி வினைபுரிகிறது. ஹைட்ராக்சைடைப் பழக்கத்தின் காரணமாக ஆக்ஸிஜன் முன்னும், ஹைட்ரஜன் பின்னும், அதற்கும் பின்னால் எதிர்க்குறியுமாக எழுதுகிறோம். அதை அப்படியே கார்பனுக்கு இடப்பக்கத்தில் வைத்தால், கார்பனைப் பார்த்து நிற்பது ஹைட்ரஜன். எதிர்க்குறியும் ஹைட்ரஜனின் தலைமேல்தான் நிற்கிறது. அம்பும் அங்கிருந்தே புறப்படுகிறது. ஹைட்ரஜன் கார்பனைத் தாக்குகிறது என்றுதான் அந்தப் படம் சொல்கிறது. நானும் பணியின் தொடக்க ஆண்டுகளில் அப்படித்தான் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு தேர்வில் பல விடைத்தாள்களில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் என்ற வரிசையில் பிணைந்த விளைபொருள் வந்திருந்தது. மாணவர்கள் கவனக்குறைவாக எழுதிவிட்டார்கள் என்று முதலில் வருந்தினேன். பிறகு என் குறிப்பேட்டைப் புரட்டியபோது, நான் வரைந்ததை அவர்கள் பிழையில்லாமல் படித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அன்றிலிருந்து ஹைட்ரஜனை இடப்பக்கமும் ஆக்ஸிஜனை வலப்பக்கமும் எழுதுகிறேன். எதிர்க்குறி ஆக்ஸிஜனின் மேலே இருக்கும். தனித்த இரட்டைகளில் ஒன்று கார்பனைப் பார்த்தபடி இருக்கும். அம்பின் வால் அந்த இரண்டு புள்ளிகளைத் தொட்டுக்கொண்டு தொடங்கும்.

எதிர்க்குறியிலிருந்தே அம்பைத் தொடங்கினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பல பாடநூல்களில் அப்படியும் உண்டு. அனுபவம் உள்ளவர்களுக்கு அதனால் இடைஞ்சல் இல்லை. ஆனால் கற்கத் தொடங்குபவருக்கு, எதிர்க்குறி இருக்கும் இடமெல்லாம் எலக்ட்ரான் இரட்டை இருக்கும் என்ற நம்பிக்கையை அது ஊன்றிவிடுகிறது. சோடியம் போரோஹைட்ரைடுக்கு வரும்போது அந்த நம்பிக்கை ஏமாற்றுகிறது. அங்கே எதிர்க்குறியைப் போரானின் மேல் எழுதினாலும், போரானிடம் தனித்த இரட்டை கிடையாது. கார்பனைல் கார்பனுக்கு (ஆக்ஸிஜனுடன் இரட்டைப் பிணைப்பிலுள்ள கார்பனுக்கு) செல்லும் எலக்ட்ரான்கள் போரான்-ஹைட்ரஜன் பிணைப்பிலிருந்து வருகின்றன. எனவே அம்பின் வால் அந்தப் பிணைப்புக் கோட்டின் நடுவில் இருக்க வேண்டும். தனித்த இரட்டை அல்லது பிணைப்பு, இந்த இரண்டைத் தவிர வேறெங்கும் வாலை வைப்பதில்லை என்று முதல் வகுப்பிலேயே முடிவுசெய்துகொண்டு, ஆண்டு முழுவதும் ஒரு படத்தில்கூட அதை மீறாமல் இருந்து பாருங்கள். விடைத்தாளில் வேறுபாடு தெரியும்.

கேள்வி: புரோப்பீனுடன் ஹைட்ரஜன் புரோமைடு சேரும் வினையில், இரட்டைப் பிணைப்பிலிருந்து ஹைட்ரஜனுக்கு அம்பு வரைகிறேன். "எந்தக் கார்பனில் ஹைட்ரஜன் சேர்கிறது என்று இந்த அம்பிலிருந்து எப்படித் தெரியும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. — மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்

பதில்: அந்த மாணவி கேட்டது மிகச் சரியான கேள்வி. நாம் வழக்கமாகப் போடும் அந்த அம்பு உண்மையிலேயே அரைச் செய்தியைத்தான் சொல்கிறது. இரட்டைப் பிணைப்பு இரண்டு கார்பன்களுக்குப் பொதுவானது. அதன் நடுவிலிருந்து புறப்படும் அம்பு, எலக்ட்ரான்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்கிறதே ஒழிய, புதிய பிணைப்பின் மறுமுனையில் எந்தக் கார்பன் நிற்கிறது என்பதைச் சொல்லவில்லை. ஹைட்ரஜன் அதிகமுள்ள கார்பனிலேயே புதிய ஹைட்ரஜன் சேரும் என்ற மார்கோவ்னிகாவ் விதியை ஏற்கெனவே அறிந்தவருக்குத்தான் அந்தப் படம் முழுமையாகத் தெரிகிறது. அறியாதவர் விதியை மனப்பாடம் செய்து அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்கிறார்.

இதற்கு மூன்று தீர்வுகள் புழக்கத்தில் உள்ளன. முதலாவது, ஹைட்ரஜன் புரோமைடு மூலக்கூறை முனைக் கார்பனுக்கு நேர் மேலே, அதன் ஹைட்ரஜன் அந்தக் கார்பனை நெருங்கி நிற்கும்படி வைத்து, அம்பை அந்தக் கார்பனின் பக்கமாகவே வளைத்து வரைவது. இரண்டாவது, அம்பு இரட்டைப் பிணைப்பிலிருந்து கிளம்பி, முனைக் கார்பனைத் தொட்டு, அங்கிருந்து துள்ளி ஹைட்ரஜனுக்குச் செல்வது போல வரைவது. மூன்றாவது, முனைக் கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே உருவாகப்போகும் பிணைப்பை மெல்லிய புள்ளிக்கோடாக முன்கூட்டியே போட்டுவிட்டு, அம்பின் தலையை அந்தப் புள்ளிக்கோட்டின் நடுவில் முடிப்பது. துள்ளும் அம்பு செய்தியைச் சரியாகச் சொன்னாலும், எலக்ட்ரான்கள் இரண்டு கட்டமாகப் பயணம் செய்கின்றன என்று புதியவர் எண்ணிவிட வாய்ப்பு உண்டு. ஆகவே நான் முதலாவதையும் மூன்றாவதையும் சேர்த்தே பயன்படுத்துகிறேன். புள்ளிக்கோடு தேவைப்படுவது முதல் சில வாரங்களுக்குத்தான். பிறகு மூலக்கூறு நிற்கும் இடத்தையும் அம்பு வளையும் திசையையும் வைத்தே அவர்கள் படித்துக்கொள்வார்கள்.

இந்த வினையில் இன்னொன்றையும் விடாமல் செய்யுங்கள். கோட்டு வடிவ அமைப்பில் கார்பனோடு இணைந்த ஹைட்ரஜன்களை எழுதாமல் விடுவது வழக்கம். அதனால் புதிதாக வந்து சேர்ந்த ஹைட்ரஜன் அடுத்த படத்தில் காணாமற்போகிறது. முதல் படத்தில் இருந்த ஒரு கோடு குறைந்து, ஒரு நேர்க்குறி முளைத்திருப்பது மட்டுமே கண்ணில் படுகிறது. வினையில் பங்கேற்கும் ஹைட்ரஜனை, அது பங்கேற்கும் படிக்கும் அதற்கடுத்த படிக்கும் கட்டாயம் எழுதிக் காட்ட வேண்டும். பங்கேற்காத ஹைட்ரஜன்களை எழுதத் தேவையில்லை. எல்லாவற்றையும் எழுதினால் முக்கியமானது கூட்டத்தில் மறைந்துவிடும். அதேபோல, முனைக் கார்பனில் நேர்மின்சுமை உருவாகும் மாற்று வழியையும் கீழே ஒரு வரியில் சிறிதாக வரைந்து, முதலாம் நிலைக் கார்பன் நேரயனி இரண்டாம் நிலையைவிட நிலைப்புத்தன்மை குறைந்தது என்று பக்கத்திலேயே குறியுங்கள். நடக்காத வழியையும் ஒருமுறை கண்ணால் பார்த்த பிறகுதான், நடக்கும் வழி ஏன் நடக்கிறது என்பது மனத்தில் தங்குகிறது.

கேள்வி: எஸ்டராக்குதல் போன்ற நீண்ட வழிமுறைகளை ஒரே படத்தில் காட்டலாமா, பிரித்துக் காட்ட வேண்டுமா? புரோட்டான் இடமாறும் படிகளைச் சேர்த்து ஒன்றாக்கினால் இடம் மிச்சமாகிறது. — பாடக்குறிப்பு தயாரிக்கும் ஆசிரியர்

பதில்: எத்தனாயிக் அமிலமும் எத்தனாலும் கந்தக அமிலத்தின் முன்னிலையில் எஸ்டராகும் வினையை எடுத்துக்கொள்வோம். கார்பனைல் ஆக்ஸிஜன் புரோட்டானை ஏற்கிறது, ஆல்கஹாலின் ஆக்ஸிஜன் கார்பனைல் கார்பனைத் தாக்குகிறது, ஆல்கஹாலிலிருந்து வந்த ஆக்ஸிஜன் தன் புரோட்டானை இழக்கிறது, ஹைட்ராக்சில் தொகுதிகளில் ஒன்று புரோட்டானை ஏற்கிறது, நீர் வெளியேறுகிறது, இறுதியில் கார்பனைல் ஆக்ஸிஜன் புரோட்டானை விடுகிறது. மொத்தம் ஆறு படிகள். முதன்முறை கற்பிக்கும்போது ஆறையும் தனித்தனியாகக் காட்டுவதே நல்லது. மூன்றாம், நான்காம் படிகளைச் சேர்த்து "புரோட்டான் இடமாற்றம்" என்று அம்பின்மேல் எழுதுவது, ஆறையும் தாமே வரையத் தெரிந்தவர்களுக்கு வசதியான சுருக்கெழுத்து. தெரியாதவர்களுக்கு அது பாடத்தில் விழுந்த ஓட்டை. அதைவிட மோசமானது, ஓர் ஆக்ஸிஜனிலிருந்து பக்கத்து ஆக்ஸிஜனுக்குப் புரோட்டான் நேராகத் தாவுவதுபோல அம்பு போடுவது. அதற்கு நான்கு அணுக்கள் கொண்ட நெருக்கடியான வளையம் போன்ற அமைப்பு தேவைப்படும். ஒரு மூலக்கூறு புரோட்டானை எடுத்துக்கொள்ள, இன்னொன்று வேறிடத்தில் கொடுக்கிறது என்பதே கரைசலில் இயல்பாக நடப்பது. எனவே ஆல்கஹால் அல்லது நீர் மூலக்கூறு ஒன்றைப் பக்கத்தில் வரைந்து, அதன் தனித்த இரட்டையிலிருந்து புரோட்டானுக்கு அம்பு போடுங்கள். அமில ஊடகத்தில் ஹைட்ராக்சைடு அயனி எந்தப் படியிலும் தலைகாட்டக் கூடாது என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு படிகளை ஒரே வரிசையில் அடுக்கினால் எழுத்து சிறுத்துவிடும். வரிசைக்கு மூன்றாக இரண்டு வரிசையில் அமைக்கலாம். ஆனால் இரண்டாவது வரிசையும் இடமிருந்து வலமாகவே செல்ல வேண்டும். முதல் வரிசை வலப்பக்கம் முடிந்தவுடன் கீழே இறங்கி, வலமிருந்து இடமாகத் திரும்பும் பாம்பு வடிவ அமைப்பு தாளை மிச்சப்படுத்தும்; ஆனால் அதில் மூலக்கூறுகளின் திசையும் அம்புகளின் திசையும் புரண்டுபோய், படிப்பவர் ஒவ்வொன்றையும் மனத்துக்குள் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

இடஅமைப்பில் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வலியுறுத்துவது ஒன்று உண்டு: மாறாத பகுதியை அசைக்கவே அசைக்காதீர்கள். முதல் படியில் மீத்தைல் தொகுதி இடப்பக்கமும் கார்பனைல் ஆக்ஸிஜன் மேலேயும் இருந்தால், ஆறாவது படிவரை அவை அங்கேயே இருக்க வேண்டும். இடையில் மூலக்கூறைத் திருப்பி வரைந்தால், வேதியியலைப் பொறுத்தவரை அது அதே மூலக்கூறுதான். ஆனால் எது உண்மையில் மாறியது, எது வெறுமனே திருப்பி வரையப்பட்டது என்று மாணவர் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், வினையில் ஈடுபட்ட பிணைப்புகள் மட்டுமே வேறுபட்டுத் தெரிய வேண்டும். மென்பொருளில் வரைபவர்களுக்கு இது எளிது: ஒரு படியை முடித்ததும் அதை நகலெடுத்து, அதில் மாறிய பிணைப்பை மட்டும் திருத்தினால் போதும், ஒவ்வொன்றையும் புதிதாக வரையும்போதுதான் கோணங்கள் மாறிவிடுகின்றன.

இந்த வினையில் பின்தொடர்ந்து செல்லத் தக்க ஓர் அணுவும் இருக்கிறது. 1938-இல் ராபர்ட்ஸும் யூரியும், நிறை எண் 18 கொண்ட ஆக்ஸிஜன் செறிவூட்டப்பட்ட மெத்தனாலைப் பென்சாயிக் அமிலத்துடன் வினைபுரியச் செய்து, உருவான நீரில் அந்தக் கன ஆக்ஸிஜன் கூடுதலாக இல்லை என்று கண்டார்கள். நீராக வெளியேறும் ஆக்ஸிஜன் அமிலத்திலிருந்து வந்தது. ஆல்கஹாலின் ஆக்ஸிஜன் எஸ்டரிலேயே தங்கிவிடுகிறது. உங்கள் படத்தில் ஆல்கஹாலின் ஆக்ஸிஜனுக்கு மட்டும் ஒரு நிறம் கொடுத்து, ஆறு படிகளிலும் அந்த நிறத்தை விடாமல் தொடருங்கள். சோதனை எதை நிரூபித்தது என்பதைப் படமே காட்டிவிடும்.

விளக்கக் குறிப்புகளைப் பொறுத்தவரை, அவை விளக்கும் அம்பின் அருகிலேயே இருக்கட்டும். படத்தில் எண்களை மட்டும் போட்டுவிட்டு, விளக்கத்தைப் பக்கத்தின் அடியில் பத்தியாக எழுதினால், மாணவரின் கவனம் மேலும் கீழும் அலைந்தே தீர்ந்துவிடுகிறது. ஜான் ஸ்வெல்லர் முன்வைத்த அறிவுச்சுமைக் கோட்பாட்டில் இதைப் "பிளவுபட்ட கவனம்" என்று விரிவாகப் பேசியிருக்கிறார்கள். ஒரு படிக்கு நான்கைந்து சொற்களுக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: எதிரயனியின் தாக்குதலைச் சிவப்பு அம்பாலும், வெளியேறும் தொகுதியைப் பச்சை அம்பாலும் காட்டி வந்தேன். இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதாக ஒரு மாணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். எந்த நிறங்களைப் பயன்படுத்தலாம்? — பயிற்சி மையத்தில் கற்பிப்பவர்

பதில்: அவர் சொன்னது பெரிய உதவி, சொல்லாமல் இருந்துவிடுபவர்களே அதிகம். சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு ஆண்களிடையே அரிதானது அன்று. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கு அது உண்டு, மற்ற மக்களிடையே விகிதம் சற்று மாறுபடும். பெண்களிடையே மிகவும் குறைவு. எப்படிப் பார்த்தாலும், பெரிய வகுப்பு ஒன்றில் ஓரிருவராவது இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டுதான் வரைய வேண்டும்.

நிறக்குறைபாடு உள்ளவர்களும் பிரித்தறியக்கூடிய எட்டு நிறங்களின் தொகுப்பு ஒன்றை ஜப்பானிய ஆய்வாளர்களான ஒகாபேயும் இட்டோவும் பரிந்துரைத்திருக்கிறார்கள். அதிலிருந்து இரண்டு போதும்: நீலம் (சிவப்பு 0, பச்சை 114, நீலம் 178), செம்மஞ்சள் கலந்த சிவப்பு (213, 94, 0). எழுத்துகளும் பிணைப்புகளும் கறுப்பிலேயே இருக்கட்டும். ஆனால் எந்த நிறத்தைத் தேர்ந்தாலும், நிறம் இல்லாமலேயே படம் புரிய வேண்டும் என்பதே அடிப்படை. படத்தைக் கறுப்பு-வெள்ளையில் ஒருமுறை அச்சிட்டுப் பாருங்கள். அதில் ஏதேனும் செய்தி தொலைந்துபோனால், அந்தச் செய்தியை "முதல் அம்பு", "இரண்டாம் அம்பு" என்ற எழுத்துக் குறிப்பாலும் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு சிக்கலையும் பலர் கவனிப்பதில்லை. மூலக்கூறு மாதிரிகளில் ஆக்ஸிஜன் சிவப்பு, நைட்ரஜன் நீலம், குளோரின் பச்சை என்ற நிற மரபு உண்டு. அந்த மாதிரிகளைக் கையில் வைத்திருக்கும் மாணவருக்குச் சிவப்பு அம்பு என்றால் ஆக்ஸிஜனோடு தொடர்புடையது என்று தோன்றக்கூடும். ஒரு படத்தொகுப்பில் நிறம் அணுவைக் குறிக்கட்டும், அல்லது எலக்ட்ரான் நகர்வைக் குறிக்கட்டும். இரண்டையும் ஒரே படத்தில் கலக்க வேண்டாம். மேலே எஸ்டரில் ஓர் ஆக்ஸிஜனுக்கு நிறம் கொடுக்கச் சொன்னேன் அல்லவா, அந்தப் படத்தில் அம்புகள் கறுப்பிலேயே இருக்க வேண்டும்.

கேள்வி: பென்சீன் வளையத்தில் வட்டம் போடுவதா, மூன்று இரட்டைப் பிணைப்புகள் போடுவதா? — முதுநிலை மாணவி

பதில்: பென்சீனின் சமச்சீரான அமைப்பைப் பற்றிப் பேசும்போது வட்டம் அழகாகப் பொருந்தும். வினைவழிமுறை வரையும்போது, கெக்குலே காட்டிய மூன்று இரட்டைப் பிணைப்புகளே வேண்டும். ஏனெனில் வட்டத்திலிருந்து எத்தனை எலக்ட்ரான்கள் புறப்பட்டன, எத்தனை மிஞ்சின என்று எண்ண முடியாது. பென்சீனில் நைட்ரோ தொகுதியைச் சேர்க்கும் நைட்ரோ ஏற்றத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பிலிருந்து நைட்ரோனியம் அயனியின் நைட்ரஜனுக்கு அம்பு போட்டால், மீதமுள்ள இரண்டு இரட்டைப் பிணைப்புகளும் நேர்மின்சுமையும் தாமாகவே தெளிவாகத் தெரியும். எலக்ட்ரான்களின் இடத்தை மட்டும் மாற்றி எழுதும் மூன்று உடனிசைவு வடிவங்களையும் எளிதாக எழுதலாம். உங்கள் பாடத்திட்டம் வட்டத்தையே கேட்டால், இடைநிலைப் பொருளில் வட்டத்தை உடைத்துக் குதிரை லாடம் போல வரையுங்கள். லாடத்தின் திறந்த வாய், புதிய தொகுதி சேர்ந்த கார்பனை நோக்கி இருக்க வேண்டும். அதன் வளைவு மற்ற ஐந்து கார்பன்களையும் தழுவ வேண்டும். நேர்க்குறி லாடத்தின் உள்ளே நிற்க வேண்டும். அந்தக் கார்பனிலுள்ள ஹைட்ரஜனை மறக்காமல் எழுதுங்கள்.

கேள்வி: எஸ்என்2 வினையில் (ஒரு தொகுதி பின்புறமிருந்து தாக்க, மற்றொன்று அதே நேரத்தில் வெளியேறும் வினை) கார்பனைச் சுற்றியுள்ள புறவமைப்புத் தலைகீழாவதையும், பிணைப்புகள் பாதி உருவாகி பாதி முறிந்த மாறுநிலையையும் எப்படிக் காட்டுவது? மாறுநிலையை வரைந்தால், ஐந்து பிணைப்புகள் கொண்ட கார்பன் உண்மையில் இருக்கிறது என்று மாணவர்கள் நம்பிவிடுகிறார்கள். — உதவிப் பேராசிரியர் ஒருவர்

பதில்: 1896-இல் பால் வால்டன் கண்டறிந்த அந்தத் தலைகீழ் மாற்றம் முப்பரிமாண நிகழ்வு, அதைத் தட்டையான கோடுகளால் காட்ட முடியாது. புரோமோமீத்தேனை வைத்துத் தொடங்குவது எளிதாக இருந்தாலும், மூன்று ஹைட்ரஜன்களும் ஒன்றுபோலவே இருப்பதால் எதுவும் தலைகீழானதாகத் தெரியாது. இந்தப் பாடத்துக்கு 2-புரோமோபியூட்டேனே பொருத்தம். தாக்கும் ஆக்ஸிஜன், கார்பன், புரோமின் மூன்றும் இடமிருந்து வலமாக ஒரே நேர்க்கோட்டில் இருக்கட்டும். மற்ற மூன்று தொகுதிகளில் ஒன்றைத் தாளின் தளத்தில் சாதாரணக் கோடாகவும், ஒன்றை முன்நோக்கிய ஆப்பு வடிவக் கோடாகவும், ஒன்றைப் பின்நோக்கிய கீற்றுக் கோடாகவும் வரையுங்கள். ஆப்பின் கூரிய முனை எப்போதும் சமச்சீரற்ற கார்பனின் (நான்கு வெவ்வேறு தொகுதிகள் கொண்ட கார்பனின்) பக்கமே இருக்க வேண்டும் என்பது, வேதியியலுக்கான பன்னாட்டு அமைப்பான ஐயுபிஏசி 2006-இல் வெளியிட்ட பரிந்துரைகளிலும் உள்ள நடைமுறை. வினைக்கு முன் அந்த மூன்றும் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். வினைக்குப் பின் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். முன்நோக்கியது முன்நோக்கியே இருக்கும். காற்றில் குடை மறுபுறம் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மாறுநிலையைச் சதுர அடைப்புக்குள் வரைந்து, வலப்பக்க மேல்மூலையில் இரட்டைக் குறுவாள் குறியைப் போடுங்கள். உருவாகும் பிணைப்பும் முறியும் பிணைப்பும் புள்ளிக்கோடுகளாகவும், ஆக்ஸிஜனிலும் புரோமினிலும் பகுதி எதிர்மின்சுமைக் குறிகளாகவும் இருக்கட்டும். அடைப்புக்குள் வளைந்த அம்பு எதுவும் வேண்டாம். அந்த அம்புகள் வினைபடு பொருள்களின் படத்துக்கு உரியவை. மாறுநிலைக்குப் படி எண்ணும் கொடுக்காதீர்கள், ஏனெனில் வினை ஒரே படியில் நடக்கிறது. மாணவர்களின் குழப்பத்தைத் தீர்க்க, படத்துக்குக் கீழேயே ஆற்றல் வளைகோட்டை வரைந்து, அடைப்பிலிருந்து வளைகோட்டின் உச்சிக்கு ஒரு மெல்லிய செங்குத்துக் கோடு இழுத்துவிடுங்கள். பக்கத்தில், தொகுதி முதலில் வெளியேறிய பிறகே தாக்குதல் நடக்கும் எஸ்என்1 வினையின் வளைகோட்டையும் வைத்து, அதில் இரண்டு முகடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்திலிருந்து கார்பன் நேரயனிக்குக் கோடு இழுங்கள். பள்ளத்தில் இருப்பது கொஞ்ச நேரமாவது நிற்கும் இடைநிலைப் பொருள். முகட்டில் இருப்பது நிற்கவே முடியாத மாறுநிலை. இந்த இரண்டு செங்குத்துக் கோடுகளும் ஒரு முழுப் பாடவேளையின் வேலையைச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கணினியில் வரைந்த படம் அச்சில் நன்றாக இருக்கிறது, திரையில் போட்டால் கோடுகள் மெலிந்து தெரிகின்றன. சில படங்கள் மங்கியும் விடுகின்றன. — வாசகர்

பதில்: இரண்டுக்கும் வெவ்வேறு காரணங்கள். கெம்டிரா போன்ற மென்பொருள்களில் பலரும் பயன்படுத்தும் "ஏசிஎஸ் டாக்குமென்ட் 1996" என்ற அமைப்பு ஆய்விதழ்களின் குறுகிய பத்திக்காக உருவானது: பிணைப்பின் நீளம் 14.4 பாயின்ட், கோட்டின் தடிமன் 0.6 பாயின்ட், எழுத்து 10 பாயின்ட். திரைக்கு அது போதாது. முழுப் படத்தையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்குங்கள். இரண்டரை மடங்கு என்றால் பிணைப்பு 36, கோடு 1.5, எழுத்து 25 பாயின்ட் ஆகும். ஒவ்வொரு படத்தையும் இடத்துக்கேற்ப வெவ்வேறு அளவில் இழுத்தால், ஒரே மூலக்கூறு ஒரு பக்கத்தில் பெரிதாகவும் இன்னொன்றில் சிறிதாகவும் வரும், அதைத் தவிருங்கள்.

மங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் கோப்பு வகை. ஜேபெக் வடிவம் புகைப்படங்களுக்கானது. மெல்லிய கோடுகளைச் சுற்றி அது அழுக்குப் படிந்ததுபோல ஒரு படலத்தை விட்டுவிடும். எஸ்விஜி அல்லது பிடிஎஃப் ஆகச் சேமித்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கூர்மையாகவே இருக்கும். முடியாதபோது, உயர் தெளிவுத்திறனில் பிஎன்ஜி. கட்டணம் இல்லாமல் வேண்டுமென்றால் கெட்சர் என்ற திறந்தமூல வரைவியைப் பயன்படுத்திப் பாருங்கள். லாடெக்ஸ் என்ற ஆவண மென்பொருளில் எழுதுபவர்களுக்கு, மூலக்கூறு வரைய உதவும் கெம்ஃபிக் தொகுப்பு இருக்கிறது.

கேள்வி: பாதி முனை கொண்ட அம்பை எப்போது போட வேண்டும்? — பதினொன்றாம் வகுப்பு மாணவர்

பதில்: முழு முனை கொண்ட வளைந்த அம்பு இரண்டு எலக்ட்ரான்களையும், மீன் தூண்டில் போன்ற பாதி முனை அம்பு ஓர் எலக்ட்ரானையும் குறிக்கும். குளோரின் மூலக்கூறு ஒளியால் சீராகப் பிளவுறும்போது, பிணைப்பின் நடுவிலிருந்து இரு குளோரின்களுக்கும் ஆளுக்கொரு பாதி அம்பு செல்லும். அப்படி உருவான குளோரின் தனி உறுப்பு (ஒற்றை எலக்ட்ரான் கொண்ட குளோரின் அணு) மீத்தேனிலிருந்து ஹைட்ரஜனை எடுக்கும்போது மூன்று பாதி அம்புகள் தேவை: குளோரினின் ஒற்றை எலக்ட்ரானும், கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பின் ஓர் எலக்ட்ரானும் குளோரினுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடைப்பட்ட வெளியில் சந்திக்கும், பிணைப்பின் மற்றோர் எலக்ட்ரான் கார்பனுக்குத் திரும்பும். உடனிசைவு வடிவங்களுக்கிடையே வரும் இருமுனை நேர் அம்பையும், சமநிலையைக் குறிக்கும் எதிரெதிர்த் திசை அம்புகளையும் இவற்றோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவை எலக்ட்ரானின் பாதையைச் சொல்லவில்லை.

கேள்வி: ஒரு படத்தை வரைந்து முடித்த பின், அது தெளிவாக இருக்கிறதா என்று வகுப்புக்குப் போகும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது? — முதல் ஆண்டு ஆசிரியை

பதில்: முதலில் நீங்களே எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் இடப்பக்கத்தின் மொத்த மின்சுமையும் வலப்பக்கத்தின் மொத்த மின்சுமையும் ஒத்திருக்க வேண்டும். முழு முனை அம்புகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே திசையில் ஓட வேண்டும். இரண்டு முழு முனை அம்புகள் ஒன்றையொன்று நோக்கி வந்தாலோ, ஓர் அம்பு வேறோர் அணுவின் எழுத்தைக் குறுக்கே வெட்டிச் சென்றாலோ மறுபடி வரைய வேண்டும். கார்பனில் ஐந்து கோடுகள் முளைத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவசரத்தில் எல்லோருக்கும் நேர்வதுதான்.

அதன்பின் விளைபொருளை ஒரு தாளால் மறைத்து, இந்தப் பாடத்தை இன்னும் படிக்காத ஒரு மாணவரிடம் படத்தைக் கொடுத்து, அம்புகளை மட்டும் பார்த்து விளைபொருளை வரையச் சொல்லுங்கள். நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம்; அவர் எந்த இடத்தில் பென்சிலை நிறுத்துகிறார் என்று மட்டும் கவனியுங்கள். அவர் நின்ற இடத்திலுள்ள அம்பைத் திருத்தி வரைந்து, வேறொருவரிடம் கொடுங்கள். புதிய படம் ஒவ்வொன்றுக்கும் நான் இரண்டு பேரிடமாவது இப்படிக் கொடுத்துப் பார்க்கிறேன். பெரும்பாலும் முதல் ஆள் நிற்கும் இடம், நான் ஒரு தனித்த இரட்டையை வரையாமல் விட்ட இடமாகவே இருக்கிறது.